நீலச் சுவர், நாலு கிளிப்

தேத்தண்ணி ஆறுது, குடிச்சுக்கொண்டே கேளும். நான் சொல்லி முடிக்கேக்கை இந்த மனுசிக்கு மூளை தட்டிப்போட்டுது எண்டு நீர் நினைப்பீர். நினையும், நான் கோவிக்கமாட்டன். இதை வேறை ஆரும் எனக்குச் சொல்லியிருந்தா நானும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன், அதோடை விடாமல் வாய்விட்டும் சொல்லியிருப்பன்.

பேய் பிசாசு, புதுமை, குறி, கனவு, ஒண்டையும் நம்பாத ஆள் நான். யாழ்ப்பாணத்திலை கணக்கு ரீச்சரா இருந்தனான். எங்கடை கோயில்லை மாதா சுருவத்தின்ரை கண்ணிலை தண்ணி வடியுது எண்டு சனம் மெழுகுதிரியோடை ஓடேக்கை, நான் ஒரு கதிரையைப் போட்டு ஏறிப் பாத்து, மேலை ஓடு வெடிச்சு மழைத்தண்ணி ஒழுகுது எண்டு சொன்னனான். சுவாமியார் சிரிச்சார், மாதா சபைக்காரியள்தான் மூண்டு மாசம் என்னோடை கதைக்கேல்லை. யேசு உயிர்த்து வந்து முன்னாலை நிண்டாலும் காயத்துக்கை விரலை விட்டுப் பாத்தாத்தான் நம்புவன் எண்டு நிண்டாரெல்லோ தோமையார், என்ரை மனுசன் என்னை அவரின்ரை தங்கச்சி எண்டுதான் கூப்பிடுறவர். அப்பிடிப்பட்ட ஆளுக்குத்தான் இது நடந்தது. அதுவும் ராவிலை இல்லை, சுடலைப் பக்கமும் இல்லை. பட்டப்பகல், மருந்துக்கடை, தலைக்கு மேலை ரியூப் லைற்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. அப்ப நாங்கள் இஞ்சை மொன்றியலிலை, கோட்-டெ-நெய்ஜ் பக்கம் இருந்தம். மனுசனுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு ஸ்ரோரிலை வேலை, எனக்கு வீட்டிலை இருந்து பத்து நிமிச நடையிலை ஒரு மருந்துக்கடை, அதுக்குள்ளை படம் கழுவுற பகுதி. அப்பவே சனம் டிஜிற்றல் கமராவுக்கு மாறத் தொடங்கீற்றுது, பழைய ஆக்கள்தான் இன்னும் பிலிம் றோல் கொண்டுவருவினம். றோலைக் குடுத்தா மெசின் கழுவிப் படத்தை ஒண்டொண்டா வெளியிலை தள்ளும், நான் ஒவ்வொண்டையும் எடுத்து நிறம் சரியோ, முகம் பச்சை அடிக்குதோ எண்டு பாத்து உறையுக்கை போடவேணும். எனக்கு வேலை பழக்கின பிலிப்பினோ மனுசி முதல் நாளே ஒரு சட்டம் சொல்லித் தந்தவ. படத்தைப் பாக்கலாம், படத்திலை இருக்கிறவையைப் பாக்கக்கூடாது. நானும் அப்பிடித்தான் இருந்தன், ஆற்றை கலியாணம் ஆற்றை பிள்ளை எண்டு பாக்கிறேல்லை, நிறத்தை மட்டும் பாப்பன்.

அந்த வருசம்தான் என்ரை கடைசித் தம்பி அன்ரன் வெளிக்கிட்டவன். யாழ்ப்பாணப் பாதை பூட்டி, கொழும்பிலை ஒரு லொட்ஜிலை மாசக்கணக்காக் கிடந்தவன். பொங்கலுக்கு அடுத்த நாள் நான் லொட்ஜுக்கு ரெலிபோன் எடுத்துக் கதைச்சது இப்பவும் ஞாபகம், சோறு சரியில்லை எண்டு புறுபுறுத்தான். இந்தப் பொங்கல் கணக்கை ஞாபகம் வைச்சிரும், பேந்து வேணும். பங்குனி மாசம் ஏஜென்சிக்காரனோடை, அதுதான் ஆக்களைக் களவா வெளிநாட்டுக்கு ஏத்திறவை, அவையோடை போனான்.

ஏஜென்சியோடை ஆள் வெளிக்கிட்டா எங்கடை சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கு, உமக்குத் தெரியாததில்லை. வாயே திறக்கிறேல்லை. சொந்த மச்சாள் கேட்டாலும் "கொழும்பிலைதான் நிக்கிறான்" எண்டதுதான் பதில். ஆரும் காட்டிக் குடுத்துப்போடுவினம் எண்டு ஒரு பயம், கண்ணூறு பட்டுப் பயணம் குழம்பிப்போடும் எண்டு இன்னொரு பயம். ரெலிபோனிலை நாட்டின்ரை பேர் சொல்லக்கூடாது. கூடப் போறவையும் தங்களுக்குள்ளை சொந்தப் பேர் சொல்லக்கூடாது, பாஸ்போட்டிலை ஆற்றை பேர் இருக்கோ அதுதான் அவன்ரை பேர். பிடிபட்டா ஒருத்தன் மற்றவனைச் சொல்லக்கூடாது எண்டு அப்பிடி ஒரு ஏற்பாடு.

ஆனி மாசம் தொடங்க ஒரு தரம் எடுத்தான். "அக்கா, பெரிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலை நிக்கிறம்" எண்டான். பெரிய வீடு எண்டா அமெரிக்கா, அப்ப பக்கத்து வீடு மெக்சிக்கோ எண்டு நான் விளங்கிக்கொண்டன். அதோடை சரி. ஒரு கிழமை, ரெண்டு கிழமை, ஆறு கிழமை, ஒரு சத்தமும் இல்லை. ஏஜென்சிக்காரன்ரை நம்பர் அடிச்சா அடிச்சபடி கிடக்கும். அம்மா அங்கை யாழ்ப்பாணத்திலை தனிய. ஒவ்வொரு ஞாயிறும் நான் எடுக்க முதல் கேள்வி "தம்பி கதைச்சவனோ?" எண்டதுதான். "ஓம் அம்மா, நேற்றும் கதைச்சான், சுகமா இருக்கிறான்" எண்டுவன். "குரல் எப்பிடி இருந்தது?" எண்டு கேப்பா. அதுக்கு நான் ஒரு குரலை உண்டாக்கிச் சொல்லவேணும். பொய் சொன்ன பிள்ளையளை வாங்கிலை ஏத்தி நிப்பாட்டின ரீச்சர் நான். வெட்கமாயும் இருந்தது, பயமாயும் இருந்தது. தம்பி உயிரோடை இருக்கிறானோ எண்டது எனக்கே தெரியாது.

இதுக்கிடையிலை ஒரு மடாம். வெள்ளைத் தலைமயிர், எழுபது வயசு வரும், இஞ்சத்தைப் பிரெஞ்சுக்காரி. பென்சன் எடுத்த நேர்ஸ். ஒவ்வொரு குளிருக்கும் மெக்சிக்கோவிலை ஒரு சின்ன ரவுணிலை போய் இருந்திட்டு, பனி கரைய வருவா. அந்த வருசம் சித்திரையிலை இருந்து ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஒரு றோல் கொண்டுவந்தா, எல்லாம் அந்தக் குளிர் காலத்திலை அங்கை எடுத்தது. ஏன் எல்லாத்தையும் ஒரேயடியாத் தரேல்லை எண்டு கேக்க, இனிப்புப் பெட்டியை ஒரே நாளிலை தின்னிறதோ எண்டு கேட்டா.

எனக்கு அவவிலை முதல் நாளே சந்தேகம். முப்பத்தாறு படத்திலை ஒரு மனுசர் சிரிச்சுக்கொண்டு நிக்கிற படம் இல்லை, ஒரு கோயில் கோபுரம் இல்லை, கடற்கரை இல்லை. ஒழுங்கை, ஒழுங்கை, ஒழுங்கை. ஒரு பச்சைக் கதவு. கதவடியிலை ஒரு வாளி. எண்ணெய் ரின்னிலை நட்ட சிவப்புப் பூ. கூரை விளிம்பிலை நிண்டு கீழை எட்டிப் பாக்கிற நாய். தலையிலை பெரிய கடகத்திலை பாண் அடுக்கி, சைக்கிள் ஓடுற ஒருத்தன்ரை முதுகு. விடியக் காலமை தன்ரை வாசலை மட்டும் இல்லை, வாசலுக்கு முன்னாலை இருக்கிற றோட்டையும் தண்ணி ஊத்திக் கழுவிற மனுசி ஒருத்தி. எந்த விசரி இதுக்குப் பிலிம் செலவழிப்பாள்? வாளியைப் படம் எடுக்கிறவள் ஒண்டில் பைத்தியம், இல்லாட்டி பொலிஸ். ஆனியிலை தம்பி எடுத்த பிறகு அந்தச் சந்தேகம் இன்னும் கூடிச்சுது, எனக்கு மெக்சிக்கோவிலை ஒரு தம்பி களவா நிக்கிறான், என்ரை கவுண்டருக்கே மெக்சிக்கோப் படமாக் கொண்டுவந்து தாறா, இது சும்மா நடக்கிற விசயமோ? இமிகிரேசன்காரர் அனுப்பின ஆள் எண்டே நினைச்சன்.

அதுக்கேத்த மாதிரி அவ நிண்டு கதைக்கவும் பாப்பா. "உமக்கு எந்த இடம், குடும்பம் எல்லாம் இஞ்சையோ?" எண்டு ஒரு நாள். "எல்லாரும் இஞ்சைதான் மடாம், மெர்சி" எண்டு உறையை நீட்டினன். இன்னொரு நாள், "இந்த ஒழுங்கை முடியிற இடத்திலை ஒரு சின்னக் கிளினிக் இருக்கு, நான் அங்கை உதவி செய்யிறனான், நல்ல சனம், ஆரும் வந்து கதவைத் தட்டலாம், ஒருத்தரும் பேர் கேக்கிறேல்லை" எண்டு தொடங்கினா. பேர் கேக்கிறேல்லை எண்ட சொல்லை நான் பிடிச்சுக்கொண்டன். தூண்டில் போடுறா எண்டு நினைச்சன். "மன்னியுங்கோ மடாம், ஆக்கள் நிக்கினம்" எண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டன். பின்னாலை ஒருத்தரும் நிக்கேல்லை. அவ திரும்பிப் பாத்திட்டுப் போனா.

ஆனா ஒண்டு சொல்லவேணும், நாலாவது அஞ்சாவது றோல் வரேக்கை நான் அந்தச் சட்டத்தை மீறத் தொடங்கீற்றன். நிறம் பாக்கிறன் எண்ட சாட்டிலை அந்த ஒழுங்கையளை நிண்டு பாப்பன். சுண்ணாம்பு உரிஞ்ச நீலச் சுவரிலை உள்ளுக்கை இருந்து ஒரு பழைய ரோசா நிறம் எட்டிப் பாக்கும், அதிலை பின்னேர வெய்யில் விழும், சத்தியமா வடிவு. வேலை முடிஞ்சு வீட்டை வரேக்கை எங்கடை அபார்ட்மென்றுக்குப் பின்னாலை, கப்பி வைச்சு இழுக்கிற உடுப்புக் கொடியள் பல்கனிக்குப் பல்கனி போகுதெல்லோ, ஏழு வருசமா அதுக்குக் கீழாலை நடந்தனான், அப்பதான் நிமிந்து பாத்தன். அந்த மனுசியிலை எனக்கு இருந்த சந்தேகம் போகேல்லை, ஆனா அவவின்ரை றோல் வாற நாளை நான் எதிர்பாக்கவும் தொடங்கினன். ரெண்டும் ஒரே நெஞ்சுக்கைதான் இருந்தது.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் தாண்டி மூண்டு மணி இருக்கும். ஆறாவது றோல். மெசின் படத்தைத் தள்ளத் தள்ள நான் எடுத்து அடுக்கிறன். பதினாறு, ஒரு ஜன்னல். பதினேழு, அந்த நீலச் சுவர். சுவருக்கு முன்னாலை ஒரு கொடி, அதிலை ரெண்டு உடுப்பு, நாலு கிளிப். ஒண்டு வெள்ளைச் சேட்டு. மற்றது நீலக் கட்டம் போட்ட ஒரு சாரம்.

சாரம் எண்டதும் எனக்கே சிரிப்பு வந்தது, மெக்சிக்கோவிலை ஆர் இடுப்பிலை சாரம் கட்டுறது, மேசைத் துணியா இருக்கும் எண்டு அடுத்த படத்துக்குக் கை போகுது, கை போகேல்லை. கீழ்ப் பக்கத்திலை, கரைக்கு ஒரு சாண் மேலை, ஒரு ஒட்டு. பச்சையிலை சின்ன மஞ்சள் பூ.

அந்த ஒட்டு நான் போட்டது. அன்ரனுக்குப் பதினெட்டு வயசிலை, அவன்ரை புதுச் சாரத்தை நான் அயன் பண்ணுறன் எண்டு எரிச்சுப்போட்டன், அயன் பெட்டியின்ரை மூக்கு அப்பிடியே ஓட்டையா விழுந்துது. நான் வீட்டிலை போடுற பச்சைப் பூச் சோட்டியிலை ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போட்டுக் குடுத்தன். எனக்குத் தையல் வராது, மூண்டு மூலையும் ஒழுங்கா வந்துது, நாலாவது மூலை சுருண்டுபோச்சு. "கணக்கு ரீச்சருக்குச் சதுரம் வரேல்லை" எண்டு பகிடி பண்ணிப் பண்ணியே அவன் அந்தச் சாரத்தை எறியேல்லை, எங்கை போனாலும் கொண்டுபோவான். நான் மேசை லாச்சியிலை இருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வைச்சுப் பாத்தன். நாலாவது மூலை சுருண்டிருந்துது.

நான் ஸ்ரூலிலை இருந்திட்டன். முதல் வந்தது சந்தோசம், அழுகையும் வந்தது. பிறகு கணக்குப் போடுற மண்டை வேலை செய்யத் தொடங்கீற்றுது. மடாம் பங்குனி முடிய முதலே மொன்றியலுக்குத் திரும்பி வந்திட்டா. உறையிலை தன்ரை கையாலை "தை மாசம்" எண்டு எழுதியிருந்தா, எல்லா றோலுக்கும் மாசம் எழுதித்தான் தருவா. தை மாசம் தம்பி கொழும்பு லொட்ஜிலை சோறு சரியில்லை எண்டு புறுபுறுத்துக்கொண்டிருந்தவன். அவன் வெளிக்கிடவே இல்லை. அப்ப இந்தச் சாரம் எப்பிடி அங்கை காயுது?

கடைப் பொறுப்பாளர் வாற சத்தம் கேட்டுது. நான் அந்தப் படத்தை ஏப்ரன் பொக்கற்றுக்கை வைச்சிட்டு, பதினேழாம் நம்பரை இன்னொரு தரம் அடிக்க விட்டன். வந்த படத்தைப் பாக்காமலே மற்றதுகளோடை சேத்து உறையை ஒட்டினன். ஒரு வாடிக்கையாளற்றை படத்தைக் களவெடுத்தது வாழ்க்கையிலை அது ஒருக்காத்தான்.

பின்னேரம் மனுசன் வேலையாலை வர, ஒண்டும் சொல்லாமல் படத்தைக் குடுத்தன். அவர் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாப் பாத்தார். "இது எங்கடை அன்ரன்ரை சாரமெல்லே" எண்டார். அப்ப எனக்கு விசர் இல்லை எண்டு ஒரு ஆறுதல். பேந்து சிரிச்சுக்கொண்டு, "இப்பவும் பிழியாமல்தான் போட்டிருக்கிறான், பாரும், நிலத்திலை ரெண்டு இடத்திலை ஈரம்" எண்டார். நானும் பாத்தன். சாரத்துக்குக் கீழை ஒரு கறுத்த வட்டம், சேட்டுக்குக் கீழை ஒண்டு. இதை நீர் மறக்கக்கூடாது, ரெண்டு வட்டம், ரெண்டு பேரும் பாத்தம்.

"நாளைக்கு அந்த மனுசியிட்டை ஊரின்ரை பேரைக் கேளும்" எண்டார் மனுசன். நான் மாட்டன் எண்டிட்டன். "கேட்டா ஏன் எண்டு கேப்பா. அவ ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? அன்ரனோடை நிக்கிற பெடியள் அவ்வளவு பேரையும் பிடிச்சுக் குடுத்திட்டு நிப்பம்." அந்த ஞாயிறு அம்மாவோடை கதைக்கேக்கை மட்டும் எனக்குப் பொய் சொல்லுற மாதிரி இருக்கேல்லை. "தம்பி சுகமா இருக்கிறான் அம்மா, சாரம் தோய்ச்சுக் காயப் போட்டிருக்கிறான்" எண்டு வாய் தவறி வந்திட்டுது. அதுக்கு அம்மா "அப்ப வெய்யில் உள்ள இடத்திலைதான் நிக்கிறான்" எண்டா. குரலைப் பற்றிக் கேக்கேல்லை.

புரட்டாதியிலை மடாம் கடைசி றோலோடை வந்தா. அதுக்கிடையிலையும் தம்பியிட்டை இருந்து ஒரு சொல்லு வரேல்லை. எனக்கு இனித் தாங்கேலாது எண்ட நிலை. பதினேழாம் படத்தைப் பற்றித்தான் கேட்டன், அந்த நீலச் சுவருக்கு முன்னாலை காஞ்ச உடுப்பு ஆற்றை எண்டு. அவ யோசிச்சா. "எந்த உடுப்பு? கொடி வெறுமையா இருந்ததாலைதானே எடுத்தனான்" எண்டா. "கம்பியும் நாலு கிளிப்பும் மட்டும், சுவரிலை அதின்ரை நிழல். அந்த வீட்டிலை ஆரோ இருக்கினம், ஆனா ஒருநாளும் ஒண்டும் காயப் போட மாட்டினம். அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது."

நான் நம்பேல்லை. மாத்திப்போட்டா எண்டு நினைச்சன். படத்தையும் நெகற்றிவையும் கொண்டுவரச் சொன்னன், நிறம் பிழைச்சுப்போச்சு, திருப்பி அடிச்சுத் தாறன் எண்டு சாட்டுச் சொல்லி. அடுத்த நாளே கொண்டுவந்தா. நான் அடிச்சு, என்ரை கையாலை உறையுக்கை வைச்ச படம், பின்பக்கத்திலை பதினேழு எண்டு மெசின் குத்தின நம்பர். நீலச் சுவர். கம்பி. நாலு கிளிப். ஒரு உடுப்பும் இல்லை. நெகற்றிவை லைற்றுக்கு மேலை வைச்சுப் பூதக்கண்ணாடியாலை பாத்தன். இல்லை. நிலத்திலை ஈரமும் இல்லை. ஆனா என்ரை கைப்பையிலை, என்ரை படத்திலை, சாரமும் சேட்டும் தொங்கிக்கொண்டிருக்கு. அண்டைக்கு ஊரின்ரை பேரையும் எழுதி வாங்கினன். வாங்கி என்ன செய்தன்? மடிச்சு வைச்சிருந்தன். அவவை நம்பவும் ஏலாமல், நம்பாமல் இருக்கவும் ஏலாமல்.

காத்திகை மாசம் அன்ரன் வந்து சேந்தான். கனடா எல்லையிலை சகோதரி இருக்கிறா எண்டு என்ரை பேரைச் சொல்லி, அவங்கள் எனக்கு எடுத்துக் கேட்டு விட்டவங்கள். எலும்பும் தோலுமா வந்தான். நாலு நாள் சாப்பிடுறதும் படுக்கிறதுமா விட்டம். அம்மாவோடை கதைக்க விட்டம், அம்மா அவன்ரை குரலைக் கேட்டு அழுதா, எனக்கு அண்டைக்குத்தான் பாரம் இறங்கினது. அஞ்சாம் நாள் காலமை கோப்பி குடிச்சுக்கொண்டிருக்கேக்கை படத்தை முன்னாலை வைச்சன்.

பாத்தவன் கோப்பையைக் கீழை வைச்சான். "நாங்கள் நிண்ட வீட்டுச் சுவர்தான் இது" எண்டான். "ஜன்னலுக்கு உள்பக்கம் பலகை அடிச்சிருந்தவங்கள் அக்கா, பலகையிலை ஒரு ஓட்டை. நாங்கள் ஏழு பேரும் முறை வைச்சு அந்த ஓட்டையாலை பாப்பம். காலமை ஒரு மனுசி றோட்டைக் கழுவுவா. பாண்காரன் போவான். எதிர்க் கூரையிலை ஒரு நாய் நிக்கும். அதைப் பாத்துத்தான் எங்களுக்கு விசர் பிடிக்கேல்லை." நான் கவுண்டருக்குப் பின்னாலை நிண்டு பாத்த அதே ஒழுங்கையை இவன் ஓட்டையாலை பாத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"அப்ப சாரத்தை எப்ப காயப் போட்டனி?" எண்டு கேட்டன்.

"போடேல்லை" எண்டான். "வெளியிலை ஒரு உடுப்பும் போடக்கூடாது எண்டு சட்டம். வீட்டிலை ஆக்கள் நிக்கிறது தெரிஞ்சுபோடும். அந்தச் சாரம் இப்ப என்னட்டை இல்லை அக்கா."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். அவையோடை ஒரு பெடியன் இருந்தவன், எல்லாரிலும் இளசு, இருபது வயசு. பாஸ்போட்டிலை பேர் ராசன், அதாலை ராசன் எண்டுதான் கூப்பிட்டவை. அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டொக்டரிட்டைக் கொண்டுபோகச் சொல்லிக் காவல் நிண்டவங்களைக் கெஞ்சியிருக்கினம், நாளைக்கு நாளைக்கு எண்டவங்கள். ஆறாம் நாள் விடிய முதல் செத்துப்போனான். போத்த ஒண்டும் இருக்கேல்லை. அன்ரன் தன்ரை சாரத்தாலை போத்தினவன். அப்பிடியே சுத்திக் கொண்டுபோயிட்டாங்கள், எங்கை தாட்டது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. "இந்தச் சேட்டு அவன் போட்டிருந்தது" எண்டு படத்திலை விரலை வைச்சான். "இதோடைதான் போனவன். ஆர் அக்கா இதைத் தோய்ச்சுப் போட்டது?"

எனக்கு வேறை ஒண்டு ஞாபகத்துக்கு வந்துது. அந்த ஒழுங்கை முடிவிலை ஒரு கிளினிக், ஆரும் தட்டலாம், பேர் கேக்கமாட்டினம். அந்த மனுசி என்ரை முகத்துக்கு நேரை நிண்டு சொன்னவ. இல்லாத ஒரு ஆளைக் கூப்பிட்டு அவவைத் துரத்தினவள் நான். படம் வந்த வெள்ளிக்கிழமை அந்தப் பெடியன் உயிரோடை இருந்தவனோ இல்லையோ எண்டு அன்ரனிட்டை திருப்பித் திருப்பிக் கேட்டன். உள்ளுக்கை நாள் கணக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டான். எனக்கு இண்டைக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கிறதுதான் எனக்குக் கிடைச்ச தண்டனை எண்டு நினைக்கிறன்.

அவன்ரை வீட்டுக்காரருக்காவது சொல்லுவம் எண்டா, பேர் தெரியாது. ஊர் தெரியாது. வீட்டுக்குப் பின்னாலை ஒரு குளம் இருக்கு எண்டும், தன்ரை அக்கா மெசின் வைச்சுத் தைக்கிறவ எண்டும் காய்ச்சலிலை சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான், குளம் எண்டா வன்னிப் பக்கமா இருக்கும் எண்டு நினைச்சம். பேந்து வன்னிச் சண்டையிலை நடந்தது உமக்குத் தெரியும், சனம் திக்குத் திக்காப் போச்சு. மடாமும் அடுத்த வருசம் வரேல்லை, கடையிலை அந்த மெசினையும் தூக்கிப்போட்டினம்.

நீர் வன்னிப் பக்கம் எண்டு அண்டைக்குக் கோயில்லை சொன்னனீர். அதாலைதான் உம்மைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டனான், சும்மா இல்லை. நான் இந்த வீட்டுக்கு வாற ஒருத்தரையும் இதைக் காட்டாமல் விடுறேல்லை. இந்தாரும் படம், இந்தாரும் பூதக்கண்ணாடி. சேட்டைப் பாரும். மேலை இருந்து ரெண்டாவது பொத்தான், மற்றதெல்லாம் வெள்ளை, இது மட்டும் சிவப்பு. பொம்பிளைப் பிள்ளையளின்ரை சட்டைக்குப் போடுற பொத்தான். கையிலை வேறை பொத்தான் இல்லாமல், தம்பி வெளிக்கிடுற அவசரத்திலை ஒருத்தி இதைப் பிடுங்கித் தைச்சிருக்கிறா. என்ரை பச்சைப் பூத் துண்டை நான் ஆயிரம் துணிக்கை கண்டுபிடிப்பன். அப்பிடி அவவும் இதைக் கண்டுபிடிப்பா. உங்கடை பக்கம் விசாரியும், அந்த வருசம் வெளிக்கிட்டு ஒரு சொல்லும் வராத பெடியன், தைக்கிற அக்கா.

இன்னொண்டையும் பாத்திட்டு வையும். அன்ரன் வந்து சொன்ன அண்டைக்குப் பின்னேரம்தான் நான் முதல் கண்டது, மனுசனைக் கூப்பிட்டுக் காட்ட அவரும் கண்டவர். படம் கழுவுற மருந்து பழசானா படம் மங்கும், எனக்குத் தெரியும், அந்த மருந்தை மாத்தினவளே நான்தான். மங்கினா எல்லா இடமும் மங்கவேணும். சுவரின்ரை நீலம் அப்பிடியே இருக்கு, என்ரை பச்சைத் துண்டு அப்பிடியே இருக்கு. கண்ணாடியை நிலத்துக்குக் கொண்டுபோம். முந்தி ரெண்டு வட்டம் எண்டு சொன்னனெல்லே. சாரத்துக்குக் கீழை காஞ்சுபோச்சு. சேட்டுக்குக் கீழை இன்னும் ஈரம்.